கம்பியில்லாத் தந்தி முதல் திறந்த வன்பொருள் வரை: மின்னணு ஆர்வலர் சங்கங்களின் வரலாறு

கம்பியில்லாத் தந்தியில் இறங்கிய ஆர்வலருக்குத் தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் இருந்தது. கருவியைத் தனியே கட்டிவிடலாம். அது வேலை செய்கிறதா என்பதைத் தனியே அறிய முடியாது. சமிக்ஞை அனுப்பும் பரப்பி ஒன்றைக் கட்டியவருக்கு, பத்து மைல் தள்ளியிருந்து "கேட்டது" என்று சொல்ல இன்னொருவர் வேண்டும். மின்னணு ஆர்வலர் சங்கங்கள் பிறந்தது இந்தத் தேவையிலிருந்துதான். கேட்டதை உள்ளபடி தெரிவிப்பது, கட்டியதன் மின்சுற்றைப் பிறருக்குக் காட்டுவது, புதிதாக வருபவரின் கேள்விக்குப் பதில் சொல்வது ஆகிய மூன்று வழக்கங்கள் அந்தச் சங்கங்களில் வேரூன்றின. வானலை, அச்சிதழ், கூட்ட அரங்கு, தொலைபேசிக் கம்பி, இணையம் என ஆர்வலர்கள் சந்திக்கும் இடம் மாறிக்கொண்டே வந்தபோதும் இந்த வழக்கங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறின.

தொடக்கக் காலம்

1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட சமிக்ஞையை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்தில் மார்க்கோனி பெற்றார் என்ற செய்தி பல நாட்டு இளைஞர்களைக் கம்பியில்லாத் தந்தியின் பக்கம் திருப்பியது. வேண்டிய பொருள்கள் எளியவை. பொறி உண்டாக்க ஒரு தூண்டுசுருள், சில மின்கலங்கள், செம்புக் கம்பி, உயரத்தில் கட்டிய ஏரியல் ஆகியவை போதும். அமெரிக்கச் சிறுவர்கள் ஃபோர்டு காரின் பற்றவைப்புச் சுருளைப் பரப்பியாக மாற்றினார்கள். ஓட்ஸ் வந்த அட்டை உருளையில் கம்பியைச் சுற்றி அலை தேர்வுச் சுருள் செய்தார்கள். படிக உணர்விகளுக்கு 1906-ஐ ஒட்டிக் காப்புரிமைகள் வழங்கப்பட்டபின் சமிக்ஞையைப் பெறும் ஏற்பிக்கான செலவும் குறைந்தது. கலீனா என்ற ஈயத் தாதுத் துண்டின்மீது மெல்லிய கம்பி முனை படும்படி வைத்தால், மின்கலமே இல்லாமல் காதுக்கருவியில் ஒலி கேட்டது.

இவர்களை வாசகர்களாகவும் வாடிக்கையாளர்களாகவும் முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் லக்சம்பர்கிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறிய ஹியூகோ கெர்ன்ஸ்பேக். 1905-இல் டெலிம்கோ என்ற பெயரில் பரப்பியும் ஏற்பியும் அடங்கிய கருவித் தொகுதியை அவர் விளம்பரம் செய்து விற்றார். 1908-இல் 'மாடர்ன் எலக்ட்ரிக்ஸ்' இதழைத் தொடங்கி, அடுத்த ஆண்டு அமெரிக்கக் கம்பியில்லாத் தந்திச் சங்கத்தை அமைத்தார். அதே 1909-இல் நியூயார்க்கில் சில சிறுவர்கள் கூடி அமைத்த இளையோர் சங்கம் பின்னர் அமெரிக்க ரேடியோ கிளப் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1910-இல் ஆஸ்திரேலியாவிலும் 1913-இல் லண்டனிலும் இத்தகைய சங்கங்கள் தோன்றின. லண்டன் சங்கமே பின்னாளில் பிரிட்டன் ரேடியோ சொசைட்டி ஆயிற்று.

தொடக்கத்தில் உரிமம் இல்லை. அவரவர் விருப்பம்போல் அழைப்புப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். யார் எங்கிருந்து அனுப்புகிறார் என்று தெரியாததால் கப்பல்களின் தந்திப் பரிமாற்றத்தில் குறுக்கீடு பெருகியது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியதை அடுத்து, அதே ஆண்டு அமெரிக்கா வானொலிச் சட்டம் இயற்றியது. ஆர்வலர்களுக்கு உரிமம் கட்டாயமானது. 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளங்கள் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. பரப்பியின் திறனுக்கு 1 கிலோவாட் உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. நெடிய அலைகளே தொலைவு செல்லும் என்று நம்பப்பட்ட காலம் அது. ஆகவே பயனற்றது என்று ஒதுக்கிய பகுதியையே சட்டம் அவர்களுக்கு விட்டுவைத்தது. ஆனால் அதே சட்டம் ஒவ்வொருவருக்கும் அரசு பதிவு செய்த அழைப்புக்குறியையும் தந்தது. ஒருவர் அனுப்பிய சொல்லுக்கு அவரே பொறுப்பு என்ற நிலை இதனால் உண்டாயிற்று. பின்னர் வந்த ஆர்வலர் பண்பாட்டுக்கு இதுவே அடித்தளம்.

கைமாற்றிச் செல்லும் செய்தி

கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டு நகரில் வாழ்ந்த பொறியாளர் ஹைரம் பெர்சி மேக்சிம், 1914-இல் சுமார் 30 மைல் தொலைவிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்வலருக்கு ஒரு செய்தி அனுப்ப முயன்றார். அவருடைய நிலையத்தின் வீச்சு அவ்வளவு தூரம் எட்டவில்லை. இடையிலிருந்த வின்சர் லாக்ஸ் ஊரின் ஆர்வலர் ஒருவர் அதைப் பெற்று மறுபடி அனுப்பிச் சேர்த்தார். ஒருவர் கேட்டு அடுத்தவருக்கு அனுப்புவதை ஒழுங்கான ஏற்பாடாக்கினால் நாடு முழுவதும் செய்தி செல்லும் என்று மேக்சிம் கண்டார். அவரும் கிளாரன்ஸ் டஸ்கா என்ற இளைஞரும் சேர்ந்து 1914-இல் அமெரிக்க ரேடியோ ரிலே லீக்கைத் தொடங்கினார்கள். 1915 டிசம்பரில் அதன் இதழான 'க்யூஎஸ்டி' வெளிவந்தது. அந்த எழுத்துகள் தந்தி மொழியில் எல்லா நிலையங்களையும் ஒருசேர அழைக்கும் குறி.

முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கிய 1917-இல் ஆர்வலர் நிலையங்கள் மூடப்பட்டன. 1919-இல்தான் மீண்டும் திறக்க அனுமதி கிடைத்தது. போரில் இராணுவத் தந்தியாளர்களாகப் பணியாற்றித் திரும்பியவர்கள் வால்வு எனப்படும் வெற்றிடக் குழாய்களைக் கையாளக் கற்றிருந்தார்கள். பொறிப் பரப்பிகள் விரைவில் வழக்கொழிந்து, வால்வுப் பரப்பிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

ஒதுக்கிவிடப்பட்ட, 200 மீட்டருக்குக் குறைந்த குற்றலைகளின் மதிப்பு அடுத்த சில ஆண்டுகளில் வெளிப்பட்டது. அமெரிக்க ஆர்வலரின் சமிக்ஞை அட்லாண்டிக்கைக் கடக்குமா என்று பார்க்க, 1921 டிசம்பரில் பால் காட்லி என்பவரை லீக் ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரம் அடித்து, நீண்ட கம்பி ஏரியலும் சூப்பர்ஹெட்டரோடைன் ஏற்பியும் வைத்து அவர் காத்திருந்தார். கனெக்டிகட்டின் கிரீன்விச்சிலிருந்து 1பிசிஜி என்ற நிலையம் அனுப்பிய செய்தி அவருக்குத் தெளிவாகக் கேட்டது. அந்த நிலையத்தைக் கட்டியவர்கள் அமெரிக்க ரேடியோ கிளப்பின் உறுப்பினர்கள். காட்லியின் ஏற்பி அடிப்படையாகக் கொண்ட சூப்பர்ஹெட்டரோடைன் முறையைக் கண்டுபிடித்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கும் அவர்களில் ஒருவர்.

1923 நவம்பரில் கனெக்டிகட்டின் ஃபிரெட் ஷ்னெல், ஜான் ரைனார்ட்ஸ் ஆகியோரும் பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லியோன் டெலாயும் சுமார் 110 மீட்டர் அலைநீளத்தில் இருவழித் தொடர்பு கொண்டனர். 1924 அக்டோபர் 18 அன்று நியூசிலாந்தின் ஃபிராங்க் பெல்லும் லண்டன் மில் ஹில் பள்ளியிலிருந்து செசில் காய்டரும் உலகின் இரு கோடிகளிலிருந்து பேசிக்கொண்டார்கள். வளிமண்டலத்தின் மேலடுக்கிலுள்ள மின்னேற்றப் படலம் குற்றலைகளைத் திருப்பி அனுப்புவதால் அவை உலகைச் சுற்ற முடிகிறது. அந்தப் படலத்தின் இருப்பை எட்வர்டு ஆப்பிள்டன் 1924 இறுதியில் சோதனையால் உறுதி செய்தார். படலம் ஒன்று இருக்கலாம் என்ற ஊகம் 1902 முதலே இருந்தது. குற்றலைகள் அதனால் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நடைமுறையில் காட்டியவர்கள் ஆர்வலர்கள். 1925-இல் பாரிசில் கூடிய பன்னாட்டு ஆர்வலர்கள் அனைத்துலக அமெச்சூர் ரேடியோ ஒன்றியத்தை அமைத்தார்கள்.

தொடர்பு கொண்டதற்குச் சான்றாக அஞ்சலட்டை அனுப்பும் பழக்கம் இக்காலத்தில் பரவியது. கியூஎஸ்எல் அட்டை எனப்படும் இதில் அழைப்புக்குறி, நாள், நேரம், அலைநீளம், சமிக்ஞையின் தெளிவும் வலிமையும் எழுதப்படும். அனுப்பியவரின் கருவி விவரமும் பெரும்பாலும் இருக்கும். "கேட்டேன்" என்ற வாய்மொழி, பிறர் சரிபார்க்கத்தக்க பதிவாக மாறியது இப்படித்தான்.

சென்னை, கொழும்பு

இந்தியாவில் அமெச்சூர் வானொலி 1921-இல் கல்கத்தாவில் தொடங்கியது. உரிமம் பெற்ற முதல் ஆர்வலராக 2ஜேகே என்ற அழைப்புக்குறி கொண்ட அமரேந்திர சந்திர குப்தா குறிப்பிடப்படுகிறார். வானொலி ஒலிபரப்பு அரசுத் துறையாவதற்கு முன் இங்கே அதை முதலில் நடத்தியவர்கள் ஆர்வலர் சங்கத்தாரே.

சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924-இல் மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் அமைந்தது. 40 வாட் பரப்பியைக் கொண்டு அவ்வாண்டு ஜூலை 31 அன்று அது ஒலிபரப்பைத் தொடங்கியது. நிகழ்ச்சிகளை நடத்தும் செலவை உறுப்பினர் சந்தாவால் மட்டும் ஈடுகட்ட இயலாமல் 1927-இல் கிளப் ஒலிபரப்பை நிறுத்திப் பரப்பியைச் சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தன் ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூனில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும்வரை அந்தச் சேவை நீடித்தது. ஆர்வலர் கூட்டம் கட்டிய கருவி பொதுச் சேவையாக வளர்ந்ததற்குத் தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இலங்கையில் தந்தித் துறையின் தலைமைப் பொறியாளர் எட்வர்டு ஹார்ப்பர் 1923-இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறு அறையிலிருந்து இசைத்தட்டுகளைச் சோதனையாக ஒலிபரப்பினார். முதல் உலகப்போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலி உறுப்புகளைக் கொண்டு அந்தப் பரப்பி கட்டப்பட்டது. உள்ளூர் ஆர்வலர்களையும் ஆங்கிலேய ஆர்வலர்களையும் சேர்த்து அவர் அமைத்த சிலோன் வயர்லெஸ் கிளப்பும் அதற்குத் துணை நின்றது. 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது.

1939-இல் இரண்டாம் உலகப்போர் மூண்டதும் இந்தியாவில் அமெச்சூர் உரிமங்கள் திரும்பப் பெறப்பட்டன. கருவி கட்டத் தெரிந்த கைகள் அதனால் ஓயவில்லை. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது, 1942-இல் உஷா மேத்தா முதலானோர் பம்பாயில் மறைவாக நடத்திய காங்கிரஸ் வானொலிக்குப் பரப்பியைக் கட்டிக்கொடுத்தவர் அமெச்சூர் ஆர்வலரான நரிமன் பிரிண்டர். விடுதலைக்குப் பின் இந்திய அமெச்சூர்களின் எண்ணிக்கை மெல்லவே வளர்ந்தது. தேர்வும் மோர்ஸ் பயிற்சியும் ஒரு தடையென்றால், வெளிநாட்டுக் கருவிகளின்மீதான இறக்குமதிக் கட்டுப்பாடு மற்றொன்று. அது 1980-களில்தான் தளர்ந்தது. அப்போது பிரதமரான ராஜீவ் காந்தியும் வியூ2ஆர்ஜி என்ற அழைப்புக்குறி கொண்ட ஹாம், அதாவது அமெச்சூர் வானொலி ஆர்வலர்.

இதழ், கிட், கடைத்தெரு

சங்கக் கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்கு இதழே சங்கமாயிற்று. பிரிட்டனில் 'வயர்லெஸ் வேர்ல்டு' 1913 முதல் அப்பெயரில் வந்தது. ஆர்வலரும் தொழில்முறைப் பொறியாளரும் ஒரே பக்கங்களில் எழுதிய இதழ் அது. பின்னாளில் இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க், புவிநிலைச் செயற்கைக்கோள்களால் உலகம் முழுவதற்கும் ஒளிபரப்பலாம் என்ற கருத்தை 1945 அக்டோபரில் இந்த இதழில்தான் விரித்துரைத்தார். அமெரிக்காவில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' 1954-இல் தொடங்கியது. இந்தியாவில் 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' 1969-இல் டெல்லியிலிருந்து வெளிவரத் தொடங்கி, செய்துபார்க்கத்தக்க மின்சுற்றுகளை மாதந்தோறும் தந்தது.

இவ்விதழ்களின் கட்டுரைகளுக்கு ஒரு நிலையான அமைப்பு உருவானது. முதலில் மின்சுற்று வரைபடம், அடுத்து உறுப்புகளின் பட்டியல், பிறகு கட்டும் முறை, இறுதியில் சோதித்துச் சரிசெய்யும் முறை. கட்டிப்பார்த்த வாசகர் பிழை கண்டால் கடிதம் எழுதுவார். திருத்தம் அடுத்த இதழில் வரும். முன்பின் அறியாதவர்கள் ஒருவர் வடிவமைத்ததை மற்றவர் சோதிக்கும் இந்த முறை, கியூஎஸ்எல் அட்டை செய்த வேலையையே மின்சுற்றுக்குச் செய்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இராணுவத்தின் மிச்ச உறுப்புகள் மலிவு விலையில் சந்தைக்கு வந்தன. மிச்சிகன் மாநிலத்தின் ஹீத் நிறுவனம் அவற்றை வாங்கி, 1947-இல் அலைக்காட்டி ஒன்றைத் தாமே பூட்டிக்கொள்ளும் கிட் வடிவில் சுமார் 50 டாலருக்கு விற்றது. ஆயத்தமாகக் கிடைத்த அலைக்காட்டிகளின் விலை அதைப்போல் பல மடங்கு. ஹீத்கிட்டின் சிறப்பு அதன் கையேடு. எந்தக் கம்பியை எந்த முனையில் சால்டர் செய்வது என்று ஒவ்வொரு படியாகச் சொல்லி, முடித்த படியில் குறியிடக் கட்டமும் தந்தது. முன்னறிவு இல்லாதவரும் அதைப் பின்பற்றிக் கருவியை முடிக்க முடிந்தது. ஒருங்கிணைந்த சுற்றுகள் (ஐசி) வந்து, ஆலையில் எந்திரம் பூட்டிய கருவி கிட்டைவிட மலிவானதும் இந்த வணிகம் தேய்ந்தது. ஹீத் 1992-இல் கிட் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது.

உறுப்புகள் விற்கும் கடைத்தெருவும் ஆர்வலர் கூடும் இடமாயிற்று. டோக்கியோவின் அகிஹபாரா இதற்குப் பெயர்போனது. போருக்குப் பின் கண்டா பகுதியின் தெருவோரக் கடைகளில் வால்வுகளும் மின்தேக்கிகளும் விற்கப்பட்டன. அருகிலிருந்த மின்பொறியியல் பள்ளியின் மாணவர்கள் அவற்றை வாங்கி, ரேடியோ பூட்டி விற்றுப் பணம் ஈட்டினார்கள். 1949-இல் தெருவோரக் கடைகளை அகற்றும் ஆணை பிறந்தபோது வணிகர்கள் அகிஹபாரா ரயில் பாலத்தின் அடியில் சிறு சிறு கடைகளாக இடம் பெற்றார்கள். சுவிட்சுகளுக்கு ஒரு கடை, சுருள்களுக்கு ஒரு கடை எனப் பிரிந்திருந்ததால், அந்தந்த உறுப்பைப்பற்றி விற்பவருக்கு இருந்த அறிவு வாங்குபவருக்கும் கிடைத்தது. சென்னையின் ரிச்சி தெரு, மும்பையின் லேமிங்டன் சாலை, டெல்லியின் லஜ்பத் ராய் மார்க்கெட், பெங்களூரின் எஸ்.பி. சாலை ஆகியவை இந்தியாவில் இத்தகைய இடங்கள். எந்த ஐசிக்கு எது மாற்று, பழைய பலகையிலிருந்து எந்த உறுப்பைக் கழற்றிப் பயன்படுத்தலாம் என்பன போன்ற செய்திகள் அங்கே கடை முகப்பிலேயே கைமாறின.

விண்ணில் ஒரு பரப்பி

கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா பள்ளத்தாக்கிலும் அதன் சுற்றுப்புறத்திலும் அமெச்சூர் வானொலிக்கும் மின்னணுத் தொழிலுக்கும் நெருங்கிய உறவு இருந்தது. பரப்பி வால்வுகள் செய்ய 1934-இல் ஐமேக் நிறுவனத்தைத் தொடங்கிய வில்லியம் ஐட்டலும் ஜாக் மெக்கல்லாவும் ஹாம்கள். ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலை வளர்த்த ஃபிரடெரிக் டெர்மனும் சிறுவயதில் பாலோ ஆல்டோவில் ஆர்வலராக இருந்தவர்.

இதே வட்டாரத்து ஹாம்கள் சிலர் ஓய்வு நேரத்தில் கட்டிய ஆஸ்கர்-1 செயற்கைக்கோள் 1961 டிசம்பர் 12 அன்று விண்ணில் செலுத்தப்பட்டது. ஏறக்குறைய நான்கரை கிலோ எடையுள்ள அது, அமெரிக்க விமானப்படை ராக்கெட்டில் எடையைச் சமன் செய்ய வைக்கும் பாரத்துக்குப் பதிலாக இடம் பெற்றது. மோர்ஸ் குறியில் "ஹை" என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. அனுப்பும் வேகம் கலத்தின் வெப்பநிலைக்கேற்ப மாறும்படி அமைத்திருந்ததால், கேட்ட எவரும் நேரத்தை அளந்து வெப்பநிலையைக் கணிக்க முடிந்தது. 28 நாடுகளிலிருந்து 570-க்கு மேற்பட்ட ஆர்வலர்கள் தாங்கள் கேட்டதை எழுதி அனுப்பினார்கள். 22 நாள்கள் இயங்கிய ஆஸ்கர்-1 பின்னர் வளிமண்டலத்தில் நுழைந்து அழிந்தது. இந்த மரபில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்சாட் என்ற அமெச்சூர் செயற்கைக்கோளைச் செலுத்தியது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2004 டிசம்பரில், ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத்தின் தலைமையில் ஒரு குழு அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு தொடர்பு கொண்டுவந்தது. டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபோது, போர்ட் பிளேரிலிருந்த அந்த நிலையம் மீட்புச் செய்திகளையும் உறவினர் பற்றிய விசாரிப்புகளையும் அனுப்பும் பணியில் இறங்கியது. பொழுதுபோக்குக்காகப் பயின்ற கைமாற்று முறை பேரிடரில் பொதுப்பணி ஆயிற்று.

ஹோம்பிரூ கணினிக் கழகம்

1970-களில் நுண்செயலி வந்தபின் ஆர்வலரின் நாட்டம் வானொலியிலிருந்து கணினிக்கு நகர்ந்தது. 'ரேடியோ எலக்ட்ரானிக்ஸ்' இதழ் 1973 செப்டம்பரில் டான் லான்காஸ்டரின் டிவி டைப்ரைட்டரையும், 1974 ஜூலையில் ஜோனத்தன் டைட்டஸின் மார்க்-8 கணினியையும் அட்டையில் வெளியிட்டது. 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' 1975 ஜனவரி இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 இடம் பெற்றது. நியூ மெக்சிகோவின் எம்ஐடிஎஸ் நிறுவனம் இன்டெல் 8080 செயலியைக் கொண்டு செய்த இந்தக் கணினி, கிட்டாக 397 டாலருக்குக் கிடைத்தது. அடிப்படை நினைவகம் 256 பைட். விசைப்பலகை, திரை எதுவும் இல்லை. முன்பலகையின் சுவிட்சுகளைத் தட்டியே கட்டளைகளை உள்ளிட வேண்டும். வாங்கியவர்கள் அதை வைத்து என்ன செய்வது என்று ஒருவரையொருவர் கேட்க வேண்டியிருந்தது.

1975 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃபிரெஞ்சின் வீட்டுக் கார்க் கொட்டகையில் 32 பேர் கூடினார்கள். அழைப்பு விடுத்தவர்கள் ஃபிரெஞ்சும் ஃபிரெட் மூரும். ஹோம்பிரூ கணினிக் கழகம் இவ்வாறு பிறந்தது. கூட்டம் பெருகியதும் சந்திப்பு ஸ்டான்ஃபர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தின் அரங்குக்கு மாறியது.

கூட்டத்தை நெறிப்படுத்திய லீ ஃபெல்சன்ஸ்டைன் அதை இரண்டு பகுதிகளாக நடத்தினார். முதற்பகுதியில் எழுந்து நிற்பவர் தம்மிடம் என்ன இருக்கிறது, தமக்கு என்ன வேண்டும், எதைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று சுருக்கமாகச் சொல்வார். இரண்டாம் பகுதியில் எல்லாரும் கலைந்து, தமக்கு வேண்டியவரைத் தேடிப் பிடித்துப் பேசுவார்கள். நூற்றுக்கணக்கானோர் கூடிய அரங்கில், கேள்வி உள்ளவரும் விடை அறிந்தவரும் இந்த ஏற்பாட்டால் சந்தித்துக்கொண்டார்கள். கழகத்தின் செய்திமடல் வராதவர்களுக்கும் விவரங்களைக் கொண்டு சேர்த்தது.

முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஒருவர். எம்ஓஎஸ் 6502 செயலியைக் கொண்டு தாம் வடிவமைத்த கணினியின் மின்சுற்று வரைபடத்தை அவர் உறுப்பினர்களுக்கு இலவசமாகப் பகிர்ந்தார். அதே வடிவமைப்பு 1976-இல் ஆப்பிள்-1 என்று விற்பனைக்கு வந்தது. கிரோமெம்கோ, பிராசசர் டெக்னாலஜி முதலிய நிறுவனங்களும் இந்த வட்டத்திலிருந்தே எழுந்தன.

பகிர்வு எங்கே முடிகிறது, உரிமை எங்கே தொடங்குகிறது என்ற வழக்கும் இங்கேதான் கூர்மையடைந்தது. ஆல்டேருக்காகப் பில் கேட்ஸும் பால் ஆலனும் எழுதிய பேசிக் என்ற நிரல்மொழியின் துளைநாடா, பணம் கொடுக்காமல் நகலெடுக்கப்பட்டு உறுப்பினர்களிடையே சுற்றியது. 1976 பிப்ரவரியில் கேட்ஸ் ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். மென்பொருளை விலை கொடுக்காமல் எடுப்பது திருட்டு என்பதும், உழைப்புக்குக் கூலி இல்லையென்றால் நல்ல மென்பொருளை யாரும் எழுதமாட்டார்கள் என்பதும் அவர் வாதம். மற்றொரு தரப்பு டைனி பேசிக் என்ற சிறு மொழியை எழுதி, அதன் நிரலை இதழ்களில் யாரும் பயன்படுத்தும்படி அச்சிட்டது. இரு தரப்பும் ஒரே பழக்கத்திலிருந்து வந்தவை. மின்சுற்றை வெளியிட்டாலும் வாங்குபவர் உறுப்புகளை விலை கொடுத்தே பெற வேண்டும். மென்பொருளிலோ வெளியிட்ட பின் விற்க எதுவும் மிஞ்சுவதில்லை. ஹோம்பிரூ கழகம் 1986 டிசம்பர் வரை கூடியது.

தொலைபேசிக் கம்பி வழியே

ஹோம்பிரூவுக்கு முன்பே, 1973-இல், ஃபெல்சன்ஸ்டைன் பங்கேற்ற கம்யூனிட்டி மெமரி குழு பெர்க்லியின் இசைத்தட்டுக் கடை ஒன்றில் தட்டச்சு முனையம் வைத்தது. தொலைவிலுள்ள பெருங்கணினியோடு அது தொலைபேசிக் கம்பியால் இணைந்திருந்தது. தெருவில் போகும் எவரும் அதில் அறிவிப்பு எழுதலாம். பிறர் எழுதியதைத் தேடலாம்.

வீட்டுக் கணினியில் இதைச் செய்தவர்கள் சிகாகோ ஆர்வலர்கள். 1978 ஜனவரியில் பெரும் பனிப்புயல் ஊரை முடக்கியபோது, அங்குள்ள கணினி ஆர்வலர் சங்கத்தின் வார்டு கிறிஸ்டென்சன் நிரலையும் ராண்டி சூஸ் கருவியையும் கவனித்துக்கொண்டு, சிபிபிஎஸ் என்ற கணினித் தகவல் பலகையை அமைத்தார்கள். சங்க அறையில் அறிவிப்புகளைக் குத்தி வைக்கும் பலகையே அதற்கு முன்மாதிரி. பிப்ரவரி 16 அன்று அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே தொலைபேசி இணைப்பு என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வரலாம். வேகம் நொடிக்கு 300 பிட். இருவரும் தங்கள் அமைப்பின் விவரத்தை அவ்வாண்டு நவம்பர் 'பைட்' இதழில் எழுதினார்கள். அதைப் பார்த்துப் பல ஊர்களில் இத்தகைய பலகைகள் எழுந்தன.

1984-இல் டாம் ஜென்னிங்ஸ் உருவாக்கிய ஃபிடோநெட் இப்பலகைகளை ஒன்றோடொன்று கோத்தது. தொலைபேசிக் கட்டணம் குறைந்த இரவு நேரத்தில் ஒரு கணினி அடுத்ததை அழைத்து, சேர்ந்திருந்த செய்திகளைக் கொடுத்து வாங்கும். மேக்சிம் எழுபது ஆண்டுகளுக்கு முன் கண்ட கைமாற்று முறையே இதுவும். ஹாம்கள் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தார்கள்: 1978-இல் மாண்ட்ரியால் அமெச்சூர்கள் வானலையில் தரவைப் பொட்டலங்களாக அனுப்பத் தொடங்கினார்கள். பாக்கெட் ரேடியோ எனப்பட்ட அந்த முறை 1980-களில் பரவியது.

1979-இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் திட்டமிட்ட யூஸ்நெட், பல்கலைக்கழகக் கணினிகளிடையே விவாதக் குழுக்களை நடத்தியது. அதன் மின்னணுவியல் பிரிவு பெருத்தபின் வடிவமைப்பு, பழுது, அடிப்படை, உறுப்புகள் எனக் கிளை பிரிந்தது. ஒரே கேள்வி மறுபடி மறுபடி வந்ததால், விடைகளைத் தொகுத்து வைக்கும் பழக்கம் ஏற்பட்டது. பழுதுபார்ப்புப் பிரிவுக்காகச் சாமுவேல் கோல்ட்வாசர் தொகுத்த குறிப்புகள் தொலைக்காட்சி, மைக்ரோவேவ் அடுப்பு, லேசர் என்று விரிந்து ஒரு நூலகமே ஆயின. உயர் மின்னழுத்தத்தால் உயிருக்கு நேரும் ஆபத்தைத் தனியே எடுத்துச் சொல்லி எச்சரித்தது அவற்றின் சிறப்பு. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் வழியே வந்தபோது, அச்சிதழையும் கடைத்தெருவையும் நம்பியிருந்த ஆர்வலருக்கு இத்தொகுப்புகள் முதன்முறையாக எட்டின.

திறந்த வன்பொருள்

2000-க்குப் பின் வடிவமைப்பைப் பகிர்வது சட்ட வடிவம் பெற்றது. இத்தாலியின் இவ்ரேயா நகர வடிவமைப்புக் கல்லூரியில், எர்னாண்டோ பாரகான் தம் ஆய்வுக்காக உருவாக்கிய வயரிங் என்ற அமைப்பின் அடிப்படையில், மாசிமோ பான்சி முதலானோர் 2005-இல் ஆர்டுயினோ என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையை உருவாக்கினார்கள். பொறியியல் படிக்காத மாணவர்களும் விலைக்கு அஞ்சாமல் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். பலகையின் வரைபடங்களை யாரும் எடுத்துச் செய்யலாம், விற்கலாம் என்ற உரிமத்தோடு அவர்கள் வெளியிட்டார்கள். பெயரை மட்டும் தமக்கு வைத்துக்கொண்டார்கள். கேட்ஸின் மடல் எழுப்பிய கேள்விக்கு வன்பொருள் தரப்பு கண்ட விடை இது: வடிவமைப்பு பொதுச்சொத்து, செய்து விற்பது தொழில். 2011-இல் திறந்த வன்பொருளுக்கு ஒரு வரையறை வெளியானது. 2012-இல் அதற்கெனச் சங்கமும் அமைந்தது.

கூடிக் கட்டும் இடங்களும் இதே காலத்தில் புத்துயிர் பெற்றன. எம்ஐடி எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நீல் கெர்ஷன்ஃபெல்டு தொடங்கிய ஃபேப் லேப் என்ற பொதுப் பட்டறை முறை, 2002-இல் புனே அருகே பாபல் கிராமத்தின் விஞ்ஞான் ஆசிரமத்துக்கு வந்தது. எம்ஐடிக்கு வெளியே அமைந்த முதல் ஃபேப் லேப்களில் அதுவும் ஒன்று.

நிலைத்த சங்கங்களுக்கும் கலைந்த சங்கங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இந்த நூறாண்டு வரலாறு காட்டுகிறது. மதராஸ் கிளப் கலைந்தது செலவுக்கு வழி இல்லாததால்; ஹீத்கிட் நின்றது ஆலைப்பொருளின் விலை வீழ்ந்ததால். தொழில்நுட்பம் மாறியது எந்தச் சங்கத்தையும் தானாக அழிக்கவில்லை. பொறிப் பரப்பி போய் வால்வு வந்தபோதும், வால்வு போய் நுண்செயலி வந்தபோதும், உறுப்பினர் பெயரும் பொறுப்பும் தெரிந்த, மின்சுற்றை மறைக்காத, சோதனை முடிவைப் பதிந்து வைத்த, தொடக்கநிலையாளரின் கேள்விக்கு இடம் தந்த கூட்டங்கள் புதிய கருவியையும் எடுத்துக்கொண்டு தொடர்ந்தன. 1914-இல் தொடங்கிய ரிலே லீக் இன்றும் இயங்குகிறது. அதன் 'க்யூஎஸ்டி' இதழ் இன்றும் மின்சுற்று வரைபடங்களோடு வெளிவருகிறது.